தேர்வறையில் இரண்டரை மணி நேரம்

முப்பத்து நாலு பேர். வினாத்தாளைக் கொடுத்தாயிற்று, பதிவெண்ணைச் சரியாக எழுதச் சொல்லியாயிற்று, இனிப் பன்னிரண்டரை வரைக்கும் எனக்கு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. உட்காரக் கூடாது, மேற்பார்வைக்குப் போகிறவர்கள் உட்கார்ந்தால் பிள்ளைகளின் தலை திரும்பும் என்று தலைமையாசிரியை நேற்றே சொல்லிவிட்டார்கள். புத்தகம் கையில் இருக்கக் கூடாது, போன் ஆசிரியர் அறையில்தான் இருக்க வேண்டும். சொன்னதெல்லாம் நியாயம்தான். ஆனால் புத்தகமும் போனும் இல்லாமல் ஒரு ஆளை நான்கு சுவருக்குள் இரண்டரை மணி நேரம் நிற்க வைத்தால் அந்த ஆள் என்ன செய்யும், யோசிக்கும். எட்டாம் வகுப்பு பி பிரிவு, அரையாண்டுத் தேர்வு, கணக்கு. வெளியே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வாசல் பக்கம் பிள்ளைகள் சாத்தி வைத்த குடைகளிலிருந்து தண்ணீர் ஓடி முதல் வரிசை பெஞ்சுக்கு அடியில் வருகிறது. ஒரு சாக்கைப் போடச் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது, ஆயாவைக் கூப்பிடக் குரல் எழுப்ப வேண்டும், குரல் எழுப்ப இப்போது எனக்கு மனசு இல்லை. குதிகாலில் வலி ஆரம்பித்துவிட்டது. ஜூன் மாசம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்த வலி, முதலில் சாயங்காலம்தான் வரும், இப்போது காலையிலேயே வந்துவிடுகிறது. ஜனவரி பன்னிரண்டு. வேறு எதையாவது நினைக்கலாம் என்றால் இதுதான் வருகிறது, ஜனவரி பன்னிரண்டு, சிங்கப்பூரில் ஏற வேண்டும், ஒன்பது மாசம்.

எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ராபின்சன் அண்ணன் கூப்பிட்டார். கப்பலுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற ஏஜென்ட், ஆனால் நல்ல மனுஷன், என் வீட்டுக்காரர் கில்பர்ட்டைப் பல வருஷமாகத் தெரியும். கில்பர்ட் கடலில் மாட்டிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு மனு எழுதிக் கொடுத்தது அவர்தான், அதனால் என் நம்பர்தான் அவரிடம் இருக்கிறது. "தம்பி எப்படிம்மா இருக்கான்? ஒரு நல்ல கம்பெனி வந்திருக்கு. எஞ்சின் பக்கம் ஆள் கேக்காங்க. ஜனவரி பன்னெண்டு, சிங்கப்பூர்ல ஏறணும். ஒம்பது மாசம்தான். பயப்பட ஒண்ணுமில்ல, நான் எல்லாம் விசாரிச்சுட்டேன். தம்பிட்ட கேட்டு நாளைக்குள்ள சொல்லுதியா?" என்றார். கேட்டுச் சொல்லுதேன் அண்ணே என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவர் ஒன்பது மாசம் என்று சொன்ன அந்த நொடியில் எனக்கு என்ன ஆயிற்று என்பதை நான் இந்த முப்பத்து நாலு பிள்ளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு எனக்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பயம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. உடம்பு முழுக்க லேசாகி, வீடு காலியாகி, சாயங்காலம் நானும் மகள் செரினும் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி கண்ணில் ஒரு காட்சி வந்து போயிற்று. அதற்கப்புறம்தான் பயம் வந்தது. அதுவும் கப்பலை நினைத்து வந்த பயம் இல்லை, என்னை நினைத்து வந்தது. பஸ் வந்தது, ஏறினேன், வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும், நான் போகவில்லை.

இந்த மனுஷனுக்காக நான் எங்கெல்லாம் நின்றிருக்கிறேன். ஒன்பது மாசம் என்று போனவர் நாலு வருஷம் கழித்து வந்தார். அவர் போகும்போது செரினுக்கு இரண்டு வயசு. போய் ஆறாவது மாசம் கப்பல் ஏதோ ஒரு வளைகுடாத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது, முதலாளி கையை விரித்துவிட்டு ஓடிவிட்டான். டீசல் தீர்ந்துபோய் எஞ்சின் நின்றது, விளக்கு இல்லை, பேன் இல்லை, குடிக்க மழைத்தண்ணீர். ஆள் இல்லாத கப்பலைக் கடலில் விடக் கூடாதாம், கோர்ட்டில் வழக்கு முடியும் வரைக்கும் பதினோரு பேரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஓடாத கப்பலுக்கு அவர்கள் காவல். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகிற படகில் போனைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு நாலு நிமிஷம் பேசுவார். பிள்ளை சாப்பிட்டாளா, நீ சாப்பிட்டியா, சரி வைக்கேன். ஒரு தடவை மூன்று வாரம் போன் வரவே இல்லை. அந்த மூன்று வாரமும் நான் பல் தேய்த்தேனா என்பதுகூட ஞாபகம் இல்லை. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனு நாள், நான் போய் நின்றால் கேட்டில் நிற்கிற போலீஸ்காரருக்கே என்னைத் தெரியும், கப்பல்காரர் வீட்டம்மா என்று வழி விடுவார். அந்த வரிசைகளில் நின்றுகொண்டேதான் பி.எட். படித்தேன். புவியியலில் பட்டம் வாங்கிவிட்டுச் சும்மா இருந்தவள், மனு எழுதி எழுதி எழுத்து திரும்பக் கைக்கு வந்தது. ஒவ்வொன்றையும் அவரிடம் சொல்வதற்காகச் சேர்த்து வைத்தேன். செரினுக்குப் பல் விழுந்தது, கூரைத் தளம் ஒழுகினது, பரீட்சையில் தேறினது. வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்று. அவர் வந்து ஐம்பத்தாறு நாள் ஆகிறது. ஒன்றுகூட இன்னும் சொல்லவில்லை.

"மிஸ், அடிஷனல் பேப்பர்." மூன்றாவது வரிசையில் முத்தரசி எழுந்து நிற்கிறாள். இவ்வளவு சீக்கிரம் எப்படி முடித்தாள் என்று பார்த்தால் ஒரு கணக்கைப் பக்கம் முழுக்கப் போட்டு அடித்து, மறுபடி போட்டு அடித்திருக்கிறாள். பேப்பரைக் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறேன். "மெதுவா செய். நேரம் இருக்கு" என்கிறேன். "விடை வர மாட்டேங்குது மிஸ்" என்கிறாள் சன்னமாக. அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. தலையை ஆட்டிவிட்டு நகர்கிறேன். இந்தப் பிள்ளைதான் ஜூலையில், கடல் யாருக்குச் சொந்தம் மிஸ் என்று கேட்டது. பாடத்தில் அது இல்லை. எனக்கு விடை தெரியும், கரையிலிருந்து இத்தனை மைல் வரைக்கும் அந்த நாட்டுக்கு, அதற்கு அப்பால் யாருக்கும் இல்லை என்று சொன்னேன், சொல்லிவிட்டுப் போர்டுப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் எதையோ அழித்தேன். அந்த முதல் மாசங்களில் வகுப்பு எனக்கு அடங்கவே இல்லை. சத்தம் வெளிய கேக்குது டெல்பின் டீச்சர் என்று தலைமையாசிரியை வாசலில் வந்து நிற்பார்கள். பாடக்குறிப்பு எழுத வேண்டும், நோட்டு திருத்த வேண்டும், வீட்டுக்குப் போனால் பேச்சே வராது, செரின் என்ன கேட்டாலும் ம் என்பேன். அப்படியும் அந்த வேலை பிடித்தது. மணி அடித்து மணி அடிக்கிற வரைக்கும் நாற்பது நிமிஷம் நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அவர் வந்தால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவர் வந்த பிறகு அதைச் சொன்னால் குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அவர் வந்த அன்று தெரு முழுக்க ஆள். மாதா கோவிலில் நன்றிப் பூசை வைத்தார்கள், சாமியார் என் பெயரையும் சொன்னார், பொறுமைக்கு எடுத்துக்காட்டு என்றார். பத்து நாள் வரைக்கும் யாராவது வந்துகொண்டே இருந்தார்கள், பிறகு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் மட்டும் இன்னும் விடவில்லை, இனி என்ன டீச்சர் உங்களுக்குக் கவலை, சார்தான் வந்துட்டாங்கள்லா என்பார்கள். ஆமா என்று சிரிப்பேன். எனக்கு அலுப்பாக இருக்கிறது என்று சொல்ல இனி இடமே இல்லை, காத்திருந்த காலத்தில் சொன்னால் பாவம் என்பார்கள், இப்போது சொன்னால் என்ன சொல்வார்கள். வீட்டில் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. குடிப்பதில்லை, கோபப்படுவதில்லை. காலையில் நான் கிளம்பும்போது மட்டும், எப்ப வருவ என்று தினமும் கேட்பார். எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவார், குழாயில் தினமும் வருகிறதே என்றால் ம் என்பார், மறுநாளும் பிடிப்பார். அரிசி களைய எனக்குப் பாத்திரம் இருக்காது. நான் பேன் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால் நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரஸ்க் பாக்கெட்டை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தார், செரின் கண்டுபிடித்துச் சிரித்தாள், அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். நான் எங்கே போனாலும் என் கண் அவர் மேலேயே இருக்கிறது. தோசை திருப்பும்போது பார்க்கிறேன், துணி காயப்போடும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், இருக்கிறாரா, சரியாக இருக்கிறாரா. போன வாரம் செரினுக்குத் தலை சீவிவிடும்போது அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, அப்பா எப்பம் போவாங்க?" என்று கேட்டாள். விரோதமாக ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, அவளுக்குத் தெரிந்த அப்பா போனில் வந்து போகிறவர்தானே. அப்படிக் கேக்கக் கூடாது என்று அதட்டினேன். அதட்டினது அவளையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மணி பதினொன்று இருபது. நாலாவது வரிசைக்கும் ஐந்தாவது வரிசைக்கும் நடுவில் நடந்து திரும்புகிறேன். சொன்னால் என்ன ஆகும். சொன்னால் அவர் போவார், எனக்குத் தெரியும், நான் எந்தக் குரலில் சொன்னாலும் அதில் போ என்கிறது கேட்டுவிடும், சரி என்று பெட்டியை எடுப்பார். பிறகு அந்தக் கப்பலும் எங்காவது நின்றுவிட்டால். ராபின்சன் அண்ணன் விசாரித்திருக்கிறார், நின்றுவிடாது, ஆனால் நின்றுவிட்டால் இந்தத் தடவை அனுப்பினது நான். சொல்லாவிட்டால். நாளைக்குள் கேட்டிருக்கிறார்கள், நாளை மறுநாள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவருக்குக் கடலைத் தவிர வேறு வேலை தெரியாது, என்றைக்காவது ராபின்சன் அண்ணனைக் கடைத்தெருவில் பார்ப்பார், அன்றைக்குக் கேட்டேனே தம்பி என்று அவர் சொல்வார். அடைத்து வைத்ததும் நான் என்று ஆகும். இந்தப் பக்கம் போனாலும் என் கை, அந்தப் பக்கம் போனாலும் என் கை. ஒருவேளை அந்த அப்பாடா வெறும் களைப்புதானோ, களைத்தவளுக்கு யார் போகிறேன் என்றாலும் அப்பாடா என்றுதானே இருக்கும், விருந்தாளி போனாலும் இருக்கும். அவர் விருந்தாளியா. அப்படி நினைக்காதே. முத்தரசி மறுபடியும் அடிக்கிறாள், பேப்பர் கிழிகிற சத்தம் கேட்கிறது. நாலு வருஷம் ஆசையாகக் கேட்டதையே கேட்டு வாங்கிவிட்டு இப்போது இது. மாதாவே, நான் என்ன மாதிரி பெண்பிள்ளை. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நிற்கிறேன்.

ஜன்னலுக்கு வெளியே மழை நின்றிருக்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு ஆள். நரைத்த தலை, தொளதொள சட்டை, வேட்டியை மடித்துக் கட்டாமல் தரைத் தண்ணீரில் நனைய விட்டுக்கொண்டு நிற்கிறார். எந்தப் பிள்ளைக்குத் தாத்தாவோ, பரீட்சை முடிகிறதுக்கு முன்னாலேயே வந்துவிட்டார் பாவம் என்று நினைத்தேன். நினைத்து முடித்துவிட்டு அந்தப் பக்கம் இரண்டு எட்டு நடந்த பிறகுதான் அந்தத் தோளின் சரிவு எனக்குத் தெரிந்தது. கில்பர்ட். நாற்பத்து மூன்று வயசு. என் புருஷனை நானே யாரோ கிழவர் என்று பார்த்துவிட்டேன். தினமும் வீட்டில் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேனே, இதுவரை இதைப் பார்க்கவில்லையே. உடனே இன்னொன்று நெஞ்சில் அடித்தது, ஏன் வந்திருக்கிறார். இந்த ஐம்பத்தாறு நாளில் தெருமுனையைத் தாண்டாதவர், பஸ் ஏறி இருபது கிலோமீட்டர் ஏன் வர வேண்டும். செரினுக்கு ஏதாவது. போன் ஆசிரியர் அறையில் இருக்கிறது, அடித்திருப்பார், நான் எடுக்கவில்லை என்று வந்திருப்பார். செரின் விழுந்திருப்பாளோ, பள்ளிக்கூடத்தில் காய்ச்சலோ. இல்லை, அப்படியென்றால் அவர் ஓடி வந்திருப்பார், இப்படிக் கேட்டில் நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அப்படியானால் ராபின்சன் அண்ணன். எப்படியோ நம்பர் வாங்கி அவரிடமே பேசிவிட்டார், காலையில உன் வீட்டம்மாட்ட சொன்னேனே என்று. அதுதான். மணி பதினொன்று நாற்பத்தைந்து. ஹாலை விட்டு நகர முடியாது. மேற்பார்வைக்கு மாற்று ஆள் வேண்டுமானால் தலைமையாசிரியையைக் கூப்பிட வேண்டும், எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது, என் வீட்டுக்காரர் கேட்டில் நிற்கிறார், அவரிடம் ஒரு விஷயத்தை நான் சொல்லவில்லை என்றா. ஆயா போய் அவருக்கு ஒரு நாற்காலி போடுகிறாள். அவர் கும்பிட்டுவிட்டு நின்றுகொண்டே இருக்கிறார். நாற்பத்தைந்து நிமிஷம் அவர் அங்கே நிற்கிறார், நான் இங்கே நிற்கிறேன். "கடைசிப் பத்து நிமிஷம். நூல் கட்டாதவங்க கட்டிக்கோங்க" என்று என் குரல் சொல்கிறது. முத்தரசி பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்து, வந்துவிட்டது என்கிற மாதிரி லேசாகத் தலையசைக்கிறாள். நானும் அசைக்கிறேன், எதற்கு அசைக்கிறேன் என்று தெரியாமல்.

மணி அடித்து, முப்பத்து நாலு விடைத்தாளையும் வரிசையாக அடுக்கி ஆபீசில் கொடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, போனை எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு வெளியே ஓடுகிற நடுவில் கேட்டுக்குப் போனேன். "என்னங்க, செரினுக்கு என்ன?" என்றேன் போகும்போதே.

"ஒண்ணுமில்ல. அவ ஸ்கூல்ல இருக்கா." அவர் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "நீ எங்க போறன்னு பாக்கணும்போல இருந்துச்சு. வந்தேன். பஸ்ல நிறைய பேர் நிக்காங்க. தினம் நின்னுட்டுதான் வாரியா?"

"உக்கார என்னைக்காவது கிடைக்கும்."

அவர் பள்ளிக்கூடத்தை ஒரு தடவை பார்த்தார். அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, இனி ஒரு அடி நடந்தாலும் என்னால் சொல்ல முடியாது. "ராபின்சன் அண்ணன் காலைல பேசினாங்க. ஜனவரி பன்னெண்டு, சிங்கப்பூர்ல ஏறணுமாம். ஒம்பது மாசம்."

"காலைலயா?"

"பஸ் ஸ்டாப்ல நிக்கும்போது. திரும்பி வந்து சொல்லிருக்கலாம், சொல்லல." என் குரல் எனக்கே தட்டையாகக் கேட்டது, அழுகைகூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும். "நீங்க போயிருவீங்கன்னு நினைச்சதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அதான் சொல்லல."

அவர் ஒரு சைக்கிள் எங்களுக்கு நடுவில் போக வழி விட்டு விலகி, மறுபடி பக்கத்தில் வந்து நின்றார். "நான் தினம் நீ எப்ப வருவன்னு கேக்கேன்லா," என்றார், "அது எதுக்குன்னு நினைச்ச?"

"நான் இல்லாம இருக்க முடியலைன்னு."

"எவ்வளவு நேரம் கிடைக்கும்னு பாக்கத்தான்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ கிளம்பினதும் கதவைச் சாத்திட்டு அப்பாடான்னு படுப்பேன். அப்பதான் தூக்கம் வரும். நீ இருந்தா பாத்துகிட்டே இருக்க. நான் நல்லா இருக்கேன்னு உனக்குக் காட்டிட்டே இருக்கணும். அது கப்பலைவிடக் கஷ்டமா இருக்கு டெல்பின்."

எனக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு, காலையிலிருந்து நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்த ஒன்றை அவரும் அதே இடத்தில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார் என்று புரிந்தது. ஐம்பத்தாறு நாளாக. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர். சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, வெளியே வரவில்லை.

"போனைக் கொடு," என்றார். கொடுத்தேன். நம்பரைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஆயிற்று, நான் உதவப் போகவில்லை. "அண்ணே, கில்பர்ட் பேசுதேன். டெல்பின் சொன்னா. இப்ப நான் வரல அண்ணே... இல்ல, அவ ஒண்ணும் வேண்டாம்னு சொல்லல, நானாத்தான். எஞ்சின் ரூமுக்குள்ள இறங்க முடியுமான்னு எனக்கே இன்னும் தெரியல... சரிண்ணே. முடியும்னு தோணுற அன்னைக்கு நானே கூப்பிடுதேன்." போனைத் திருப்பித் தரும்போது அவர் நெற்றி வேர்த்திருந்தது, துடைத்து மறைக்காமல் அப்படியே நீட்டினார். நானும் பார்க்காத மாதிரி நடிக்கவில்லை.

"இங்க பக்கத்துல ஏதாவது வேலை கேட்டுப் பாக்கேன்," என்றார். "பகல்ல வெளிய போய்ட்டா உனக்கும் கொஞ்சம் நல்லா இருக்கும்."

"உங்களுக்கும்," என்றேன்.

பன்னிரண்டு ஐம்பது பஸ் காலியாக வந்தது. ஜன்னல் பக்கம் என்னை உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். குதிகால் தரையில் படாமல் இருக்கக் காலைத் தூக்கி முன் சீட்டுக் கம்பியில் வைத்துக்கொண்டேன், டீச்சர் இப்படி உட்காரலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, போகட்டும். பேச நிறைய இருக்கிறது, பல் விழுந்தது, கூரை ஒழுகினது, கடல் யாருக்குச் சொந்தம் என்று ஒரு பிள்ளை கேட்டது. எதையும் எடுக்க முடியவில்லை, கண் தானாகச் சொருகியது. "கொஞ்சம் தூங்கவா?" என்றேன்.

"தூங்கு."

"இறங்குற இடம் வந்தா எழுப்புவீங்களா?"

"எந்த இடத்துல இறங்கணும்னு எனக்கு இந்தப் பக்கமிருந்து வந்தாத் தெரியாது," என்றார். "கண்டக்டர்ட்ட கேட்டுக்கிடுதேன்." அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் கண்டக்டரிடம் போவது பாதிக் கண்ணில் தெரிந்தது. அவர் திரும்பி வருகிறாரா என்று பார்க்கவில்லை. தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.